நான்கு அங்குல வாசல்

வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் கழுத்தில் கேமராவை மாட்டிவிட்டால் அவன் வீட்டைத்தான் படம் எடுப்பான். சதுப்பு நிலத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினாலும் அதுதான் நடக்கும். மாப்பிள்ளைக்கு இது தெரிய நியாயமில்லை. அவர் சாஃப்ட்வேர்க்காரர். "மாமா, இங்க இருநூத்துச் சொச்சம் வகைப் பறவை வருது. சும்மா எடுத்துத் தள்ளுங்க" என்று தன் கேமராவையும், அதைவிடக் கனமான லென்ஸையும் என்னிடம் ஒப்படைத்தார். நான் எடுத்துத் தள்ளியவற்றில் முக்கால்வாசி ஒரே ஒரு பழைய மரப்பெட்டி. மீதியில் என் மனைவி அந்தப் பெட்டியை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

இடம், நியூஜெர்சியில் இருக்கும் கிரேட் ஸ்வாம்ப் தேசிய வனவிலங்குப் புகலிடம். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து மேற்கே 26 மைல். மகள் குடியிருக்கும் எடிசனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் சதுப்பு நிலம், மதியம் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில், அப்புறம் கோயில் கேண்டீனில் புளியோதரை என்பது குடும்ப ஒப்பந்தம். மூன்றாவது ஷரத்துக்காகத்தான் என் மனைவி முதல் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். கிளம்பும் முன்பே மகள் எங்கள் கால்சட்டை நுனிகளைச் சாக்ஸுக்குள் திணித்துவிட்டாள். புல்லில் மான் உண்ணி இருக்குமாம், கடித்தால் லைம் என்ற நோய் வருமாம். இந்தக் கோலத்தில் பெருமாளைச் சேவிக்கலாமா என்று மனைவி கேட்டதற்குக் காரில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை.

எந்த நிலத்தில் கால் வைத்தாலும் அதன் மூலப்பத்திரத்தைத் தேடுவது என் பழைய வியாதி. கிரேட் ஸ்வாம்பின் மூலப்பத்திரம் பனிப்பாறையில் போய் நிற்கிறது. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறை பின்வாங்கியபோது உருகிய நீர் தேங்கிப் பெரிய ஏரியாக நின்றது. பசேய்க் பனி ஏரி என்று அதற்குப் பெயர். அது வடிந்தபிறகு அடியில் மிஞ்சிய சேறும் களிமண்ணும்தான் இந்தச் சொத்து. வில்லங்கம் வந்தது 1959 டிசம்பரில். நியூயார்க் துறைமுக ஆணையம் இங்கே மாபெரும் ஜெட் விமான நிலையம் ஒன்றைக் கட்டப்போகிறது என்ற செய்தி வெளியே வந்தது.

விமான நிலையம் வரப்போகிறது என்று நம் பக்கம் செய்தி கசிந்தால் என்ன நடக்கும்? மறுவாரமே வரப்பெல்லாம் கல் நட்டு, வெள்ளையடித்து, கலர்க் கொடி கட்டி 'ஏர்போர்ட் கார்டன் ஃபேஸ் டூ' வந்துவிடும். ஃபேஸ் ஒன் எங்கே என்று கேட்டால் விற்றுத் தீர்ந்துவிட்டது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் மனையைக் காட்டிப் பிரியாணிப் பொட்டலமும் கொடுப்பார்கள். அந்தப் பொட்டலங்களில் சிலவற்றை அலுவல் நிமித்தமாக நானும் பிரித்திருக்கிறேன்.

நியூஜெர்சிக்காரர்களும் நிலத்தை வாங்கத்தான் செய்தார்கள். ஊர் கூடிப் பணம் திரட்டி, துண்டு துண்டாகக் கிரயம் செய்து, கிட்டத்தட்ட 3,000 ஏக்கர் சேர்த்தார்கள். சேர்த்ததைப் பறவைகளுக்கென்று மத்திய அரசுக்கு இலவசமாக எழுதிக்கொடுத்துவிட்டார்கள்! 1960 நவம்பரில் அது புகலிடமானது. 1968இல் அதன் ஒரு பகுதிக்கு வனாந்தரம் என்ற சட்டப் பாதுகாப்பும் கிடைக்க, விமான நிலையப் பேச்சு அடங்கியது. அந்தப் போராட்டத்துக்கு ஆள் திரட்டியவர்களில் முக்கியமானவர் ஹெலன் ஃபென்ஸ்கி. பார்வையாளர் மையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வாங்கியவன் விற்கவும் இல்லை, கட்டவும் இல்லை, அடமானம் வைக்கவும் இல்லை. இப்படியொரு பரிவர்த்தனை என் மேசைக்கு வந்திருந்தால் இதில் ஏதோ உள்குத்து இருக்கிறதென்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதியிருப்பேன்.

ஆக, டைட்டில் சுத்தம். இனி கட்டடம்.

சேற்றுக்கு மேல் மரப்பலகை அடித்த நடைபாதை போகிறது. அதன் முடிவில் ஒரு மர அறை. மூன்று பக்கம் சுவர், சுவரில் நீளவாக்கில் கண் மட்டத்தில் சந்துகள். பறவைகள் நம்மைப் பார்த்துப் பயப்படாமலிருக்க இந்த மறைவிடம். அந்தச் சந்துகள் ஒவ்வொன்றிலும் ஒரு நீளக் குழாய் லென்ஸ் செருகியிருந்தது. லென்ஸுக்கே இலைதழை அச்சிட்ட சட்டை போட்டிருந்தார்கள். ஆள்களும் அதே துணியில்தான் இருந்தார்கள். என் மனைவி மஞ்சள் துப்பட்டாவோடு உள்ளே நுழைந்ததும் அந்த அறை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. இடுக்கில் எனக்கும் ஒரு சந்து கிடைத்தது. அதன் வழியே நேர் எதிரே தெரிந்ததுதான் பெட்டி.

நான்கு எல்லைகள்: வடக்கே தண்ணீர், தெற்கே தண்ணீர், கிழக்கே தண்ணீர், மேற்கே தண்ணீரும் பட்டுப்போன மரம் ஒன்றும். இரும்புக் கம்பம் ஒன்றின் தலையில் நிற்கும் தனி வீடு. உயரம் இரண்டடி, அகலம் ஓரடிக்குள். முன்பக்கம் சரிந்த ஒற்றைப் பலகைக் கூரை, அதில் ஒரு மூலை உடைந்திருந்தது. வெயிலும் பனியும் மாறி மாறித் தின்று மரம் சாம்பல் நிறமாகியிருந்தது. வடக்குச் சுவரில் பாசி. பக்கக் கதவின் கீலில் துரு வழிந்து கறையாகியிருந்தது. எஞ்சிய ஆயுள் என்று ஒரு கட்டம் எங்கள் படிவத்தில் உண்டு. இந்த வீட்டுக்கு அதில் 'ஓரிரு குளிர்காலம்' என்று எழுதலாம். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. புது வீடுகள் எல்லாம் பெயின்ட் வாசனையில் பொய் சொல்லும். பழைய வீட்டில் எங்கே தண்ணீர் இறங்கியது, எங்கே கரையான் வந்தது, யார் பராமரித்தார்கள், யார் கைவிட்டார்கள் என்பதெல்லாம் சுவரிலேயே எழுதியிருக்கும்.

இது மர வாத்துக்குக் கட்டிய வீடு. அங்கே 'வுட் டக்' என்பார்கள். தரையிலோ நாணலிலோ முட்டையிடும் வாத்து இல்லை இது. மரப்பொந்துதான் வேண்டும், ஆனால் தானாகப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போனது, கிளை முறிந்து உளுத்துப்போனது என்று யாரோ விட்டுச்சென்ற வீட்டில்தான் குடியேறும். நம் ஏரிகளிலும் இப்படி உண்டு. குள்ளத்தாரா முழுக்க முழுக்கப் பொந்துவாசி. சீழ்க்கைச் சிறகியும் பொந்து கிடைத்தால் விடாது. ஏரிக்கரையின் கிழட்டு மரத்தை 'இதனால் என்ன லாபம்' என்று நாம் வெட்டும்போது அவற்றுக்கு வந்து சேர்வது வெளியேற்ற நோட்டீஸ். அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. பழைய காடுகளை வெட்டினார்கள். சதுப்பு நிலங்களை வடித்தார்கள். மிஞ்சிய வாத்துகளை இறைச்சிக்கும் இறகுக்குமாகச் சுட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனமே முடிந்துபோகும் என்று பலர் கைகழுவிவிட்டார்கள். 1918இல் வலசைப் பறவைச் சட்டம் வந்து, 1941 வரை மர வாத்து வேட்டைக்கு முழுத் தடை இருந்தது. 1930களில் யாருக்கோ பெட்டி யோசனை பிறந்து, இல்லினாய் மாநிலத்தில் நூற்றுக்கணக்கில் அடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். வாத்துகள் வந்தன. குலுக்கல் இல்லை, முன்பணம் இல்லை, மாதத் தவணையும் இல்லை. நான் அறிந்தவரை சொன்ன தேதிக்குச் சொன்னவருக்கே போய்ச் சேர்ந்த வீட்டு வசதித் திட்டம் இது ஒன்றுதான்.

வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டமில்லை, படுக்கைவாட்டில் நீள்வட்டம். அகலம் நான்கு அங்குலம், உயரம் மூன்று. இந்த அளவில் ஒரு கொழுத்த வாத்து எப்படி நுழையும் என்று நமக்குத் தோன்றும். வாத்து உடம்பைக் குறுக்கிச் சரக்கென்று போய்விடும். போக முடியாதது ரக்கூன். முகமூடி போட்ட திருடனின் முகத்தோடு பிறந்த இந்தப் பிராணிக்கு வாத்து முட்டையென்றால் உயிர். அதன் மண்டை மூன்று அங்குல உயரத்தில் சிக்கிக்கொள்ளும். கம்பத்தில் வழுக்கும் தகரக் கூம்பு கட்டியிருப்பதும் அதற்காகத்தான், பாம்புக்காகவும்தான். வாசலுக்குக் கீழே உட்கார ஒரு குச்சிகூடக் கிடையாது. கடையில் விற்கும் அழகுப் பறவைக்கூடுகளில் கட்டாயம் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அது வாங்குகிறவனுக்காக வைத்தது. பொந்தில் வாழும் பறவைக்குத் திண்ணை தேவைப்படாது. திண்ணை வைத்தால் வேண்டாதவர்கள்தான் வந்து உட்காருவார்கள். இதைத் தஞ்சாவூர் ஜில்லாவில் வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நானும் எத்தனையோ வரைபடங்களில் வாஸ்து பார்த்து, தென்மேற்கு மூலையை இரண்டடி தள்ளிப் போட்ட பொறியாளர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். யார் வரலாம் என்று யோசித்துக் கட்டிய வாசல்கள்தான் எல்லாம். யார் வரக்கூடாது என்பதை அங்குலத்தில் அளந்து கட்டிய வாசலை இங்கேதான் பார்த்தேன். உள்ளே இன்னொரு சாமர்த்தியம் இருக்கிறதாம். வாசலுக்கு உட்புறம் சுவரில் கம்பி வலையோ, வாளால் கீறிய வரிகளோ ஏணியாக இறங்கும். குஞ்சுகள் நகத்தால் பற்றி ஏறுவதற்கு. தரையில் நாலு அங்குலத்துக்கு மரச்சீவல் பரப்பியிருப்பார்கள், ஏனென்றால் இந்த வாத்து கூடு கட்டக் குச்சியோ புல்லோ சுமந்து வருவதில்லை. இருப்பதில் படுத்துத் தன் மார்புத் தூவியைத் தானே பிய்த்து மெத்தை போட்டுக்கொள்ளும். ஃபர்னிஷ்டு வீடுதான் கேட்கும் குடித்தனக்காரர்.

"எனிதிங் குட்?" என்று பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். அவருடைய லென்ஸின் விலைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மனை வாங்கியிருக்கலாம். நல்லதாக ஏதும் தெரிகிறதா என்று கேட்கிறார். பெட்டி தெரிகிறது, நன்றாக இருக்கிறது என்றேன். அவர் லென்ஸைப் பெட்டிப் பக்கம் திருப்பினார், ஓரிரு நொடி பார்த்தார், "எம்ப்டி" என்று தீர்ப்பளித்துவிட்டு மறுபடி நாணலுக்குத் திரும்பிக்கொண்டார். தோளில் சிவப்புப் பட்டை போட்ட கரும்பறவை ஒன்று அங்கே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு அந்த அறையே சேர்ந்து ஷட்டரை அழுத்தியது.

பறவைப் படக்காரர்களோடு எனக்குத் தகராறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் எடுக்கும் படங்களில் பறவை மட்டும்தான் இருக்கிறது. பின்னால் ஊர் இல்லை, வீடு இல்லை, பச்சையாக ஒரு கலங்கல். எந்த நாட்டுப் பறவை என்பதற்கே கீழே எழுதியிருந்தால்தான் ஆதாரம். ஒரே கொக்கை அவர்கள் எல்லோரும் ஒரே கோணத்தில் எடுத்து, 'என் லென்ஸில் இறகின் நரம்பு தெரிகிறது, உன்னுடையதில் தெரியவில்லை' என்று பேசிக்கொள்கிறார்கள். இறகின் நரம்பு தெரிந்து அந்தக் கொக்குக்கு ஆகப்போவது என்ன?

பெட்டியைப் படமெடுப்பது சுலபம் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தார். ஓடாது, பறக்காது, முகத்தைத் திருப்பாது. ஆனால் கேமரா ஒத்துழைக்கவில்லை. அதற்குள் பறவையின் கண்ணைத் தானாகவே தேடிப்பிடித்துக் குவியம் வைக்கும் வசதியைப் போட்டிருக்கிறார்கள். பெட்டியின் கறுத்த வாசலை அது கண் என்று முடிவு கட்டிவிட்டது. கட்டம் போட்டு, 'பிடித்துவிட்டேன்' என்று பீப் ஒலியும் கொடுத்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் அரிய பறவை என்று நினைத்து என் பக்கம் திரும்பினார்கள். அதன்பின் மாப்பிள்ளை அந்த வசதியையும் பீப்பையும் அணைத்துக் கொடுத்தார். அடுத்த தொல்லை வெளிச்சம். சாம்பல் மரத்துக்கு நேர் வெயில் ஆகாது; பலகையின் ரேகையெல்லாம் வெளுத்துவிடும். மேகம் மறைத்தால் ரேகை தெரியும், ஆனால் வாசல் இருண்டுபோகும். சாய்ந்து விழும் வெயிலுக்குக் காத்திருந்தால் பெருமாள் கோயில் கேண்டீனில் புளியோதரை தீர்ந்துபோகும். "இன்னும் எவ்வளவு நேரங்க அந்தப் பொட்டியையே பாத்துக்கிட்டிருப்பீங்க?" என்ற குரல் பின்னால் கேட்டது. வங்கியில் இருந்தவரை, சைட் இன்ஸ்பெக்‌ஷனில் அவசரப்பட்டவர்கள்தான் பிறகு விசாரணைக் கமிஷன் முன்னால் நின்றார்கள் என்பதை எடுத்துச் சொன்னேன். "இங்க யாரு கடன் கேட்டா?" என்றார்.

மேகம் சரியாக வந்து, தண்ணீரில் பெட்டியின் நிழலும் அசையாமல் நின்ற நேரத்தில், எங்கிருந்தோ ஒரு தகைவிலான் வந்து கூரையில் உட்கார்ந்தது. முதுகு நீலப்பச்சையாக மின்னும் மரத் தகைவிலான். அதுவும் பொந்துவாசிதான், காலி வீடு இருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். சந்துகளிலிருந்து சரமாரியாக ஷட்டர் சத்தம். தாடிப் பெரியவர் என் தோளைத் தட்டி எடு எடு என்கிறார். நான் கேமராவை இறக்கிவிட்டு அது போகட்டும் என்று காத்திருந்தேன். எங்கள் நாளில் வீட்டைப் படமெடுக்கப் போனால் கடன் கேட்டவர் வாசலில் வந்து, வேட்டியை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். அவர் மனைவி கதவோரம். பிள்ளைகள் திண்ணையில். மதிப்பீட்டு அறிக்கைக்கு வேண்டியது வீட்டின் படம். ஆள்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தகைவிலானிடம் அதைச் சொல்லக்கூட முடியாது. அது இறகைக் கோதியது, இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. ஒரு வழியாகப் பறந்து போனபிறகு நான் எடுத்த படத்தைப் பார்த்துப் பெரியவர் வாய்விட்டு ஏதோ சொன்னார். மாப்பிள்ளை அதை எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

கொஞ்சம் தள்ளி, ஆண் மர வாத்து ஒன்றும் நீந்தி வந்தது. பச்சைக் கொண்டை, சிவப்புக் கண், செம்பழுப்பு மார்பு, உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு. அதை எல்லோரும் எடுத்தார்கள், என் மனைவியும் கைப்பேசியில் எடுத்தார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சொத்தில் அதற்கு உரிமை எதுவும் கிடையாது. பனிக்காலத்தில் தெற்கே எங்கோ ஜோடி சேர்ந்தபின், இளவேனிலில் பெண் வாத்து தான் பிறந்த பக்கத்துக்கே திரும்பி வரும். ஆண் எந்த மாநிலத்தில் பிறந்திருந்தாலும் பின்னாலேயே வந்துவிடும். வீட்டோடு மாப்பிள்ளை. பெண் வாசலில் தலையை நீட்டி வீடு பார்க்கும்போது இவர் பக்கத்தில் இருப்பார். அடைகாக்கத் தொடங்கிச் சில வாரங்களில் பெட்டியை விட்டுக் கிளம்பியும் விடுவார். இதை நான் ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார். அவர் வீட்டில் ஆறு மாதத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவன் நான் என்பது நினைவுக்கு வர, பேச்சை முட்டைக்கு மாற்றினேன்.

முட்டை விவகாரம் இன்னும் சுவாரசியம். ஒரு பெண் வாத்து வழக்கமாக ஒரு டஜன் வாக்கில்தான் இடும். சில பெட்டிகளைத் திறந்து பார்த்தால் முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒருத்தியுடையது இல்லை. ஒருத்தி உள்ளே போவதைப் பார்த்து இன்னொருத்தியும் போய், தன்னுடையதையும் இட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவாள். கொண்டை வைத்த மெர்கான்சர் என்ற வேறு இன வாத்துகூட வந்து இட்டுவிட்டுப் போகும். ஒரு வயிற்றின் சூட்டில் முப்பது முட்டை எப்படிப் பொரியும்? பல வீணாகும். இதற்குக் காரணம் மனிதர்கள் போட்ட லே-அவுட் என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். எண்ணுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் வசதியாகத் திறந்த வெளியில் வரிசையாகப் பெட்டிகளை நட்டிருந்தார்கள். யார் எந்த வீட்டுக்குள் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. காலனி வாழ்க்கையின் கேடு! இயற்கையில் பொந்துகள் மறைவாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். பெட்டிகளையும் அப்படி வைத்தால் இந்தத் தொல்லை குறைகிறது என்று ஆய்வில் தெரிந்தது. என் பெட்டி தன்னந்தனியாக நின்றதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அக்கம்பக்கம் இல்லாத வீட்டுக்குச் சந்தை மதிப்புக் குறைவு என்பது எங்கள் கணக்கு. வாத்தின் கணக்கில் அதற்குத்தான் கூடுதல் மதிப்பு.

பொரிந்த மறுநாளே குஞ்சுகள் பெட்டியைக் காலி செய்துவிடும். தாய் கீழே தண்ணீரில் நின்று கூப்பிடும். அவை ஏணியில் தொற்றி ஏறி, வாசலில் வந்து நின்று, ஒவ்வொன்றாகக் குதிக்கும். உயர்ந்த மரப்பொந்திலிருந்து ஐம்பதடி குதித்தாலும் காயம் படாத பஞ்சு உடம்பு. ஒருமுறை குதித்துவிட்டால் குஞ்சுப் பருவத்தில் அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை. "ஒரே நாள்லயா?" என்றார் மனைவி. "நம்ம பொண்ணு எம்.எஸ். முடிச்சுட்டு வந்துடுறேன்னாவது சொல்லிட்டுப் போனா." மகள் சட்டென்று குனிந்து சாக்ஸைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தருகே புல்வெளியில் வேறு வகைப் பெட்டி. சின்னது. வாசல் ஒன்றரை அங்குல வட்டம். நீலப்பறவைக்கு, அதாவது ப்ளூபேர்டுக்கு வைத்தது. பராமரிக்கும் தன்னார்வலர் அம்மையார் ஒருவர் அங்கே இருந்தார். ஒன்றரை அங்குலம் வைத்தால் மைனாவின் உறவான ஸ்டார்லிங் நுழையாது என்றவர், ஆனால் ஒரு பொல்லாத பறவை நுழைந்து தொலைக்கிறதே என்று நொந்துகொண்டார். எதுவென்று காட்டினார். வேலிக் கம்பியில் சிட்டுக்குருவி! நம் சிட்டுக்குருவிதான், ஆணுக்குத் தொண்டையில் கறுப்போடு அச்சு அசல். எனக்கு ரத்தம் கொதித்தது. சென்னையில் இதற்காக அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, ஆண்டுதோறும் மார்ச் 20 அன்று தினம் கொண்டாடி, வராதா வராதா என்று பால்கனியில் கம்பு இறைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே பெட்டிக்குள் புல் வைத்தால் பிடுங்கி வெளியே எறிகிறார்கள்.

அம்மையார் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1850களில் புரூக்ளினில் கொண்டுவந்து விட்ட குருவி நாடெங்கும் பரவி, நீலப்பறவையின் குஞ்சுகளையும் சில சமயம் தாயையும் கொத்திக் கொன்று வீட்டைப் பிடித்துக்கொள்கிறது. வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பும் அதற்கு இல்லை. வந்தேறி என்று ஒதுக்கிவிட்டார்கள். "நூத்தி எழுபது வருஷமா இருக்கு, இன்னும் ஸ்டேட்டஸ் கொடுக்கலையா?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர். அந்தக் குரலில் பறவையியல் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் குருவியின் தரப்பில் அனுபவ பாத்தியதை பற்றி ஒரு வாதம் எடுத்துவைக்க வாயைத் திறந்தேன். மகள் என் முழங்கையைப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டாள்.

புளியோதரை கிடைத்தது. அதைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை.

இரவு மாப்பிள்ளை படங்களை டி.வி.யில் போட்டார். ஒரே பெட்டி, மறுபடியும் பெட்டி, மேகத்தோடு பெட்டி, மேகம் இல்லாமல் பெட்டி. குடும்பத்தார் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் மட்டும் ரிமோட்டை வாங்கி வாசலைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். நீள்வட்டத்தின் கீழ் விளிம்பில், ஒரு சிராயில், வெளிறிய தூவி ஒன்று சிக்கியிருந்தது. "லென்ஸ்ல தூசி மாமா" என்றார் மாப்பிள்ளை. தூசியாக இருந்தால் எல்லாப் படத்திலும் அதே மூலையில் அல்லவா இருக்க வேண்டும்? நான் கேமராவை எப்படித் திருப்பியிருந்தாலும் இது அந்தச் சிராயிலேயே இருந்தது. காலி வீடு என்று சாவியைக் காட்டியவர்களின் கொல்லைப்பக்கம் போய்க் கொடியில் காயும் பாவாடையைக் கண்டுபிடித்தவன் நான். மார்புத் தூவியைப் பிய்த்து மெத்தை போட்டவள் அடையில் உட்கார்ந்துவிட்டாள். இனி ஒரு மாதம் காலையிலும் மாலையிலும் இரை தேட மட்டும் வெளியே வருவாள். நாங்கள் போன பத்து மணிக்கு உள்ளேதான் இருந்திருப்பாள். அத்தனை விலை கொடுத்த லென்ஸ் 'எம்ப்டி' என்றது. பெட்டியைப் பார்க்காமல் பறவையைத் தேடினால் இதுதான் கதி.

படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். கீழே 'நன்னிலை, குடியிருப்பில் உள்ளது' என்று குறிப்பும் எழுதினேன். கும்பகோணத்திலிருந்து முதலில் வந்தது என் அக்காவின் செய்தி: 'தம்பி, பறவை எங்கடா?' அடுத்து சகலை. அவர் பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா விடுவாரா? 'ஏரிக்குள்ள கட்டியிருக்காங்களே, கோர்ட் ஆர்டர் வந்தா இடிச்சிருவானே' என்று எழுதினார். கட்டியதே அரசாங்க நிலத்தில், அரசாங்கத்தின் சம்மதத்தோடு என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அங்கே விடிந்தும் விடியாத நேரம். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு குரல் பதிவாகவே வந்தது:

"அப்ப பக்கத்து மனை ஏதும் வருதான்னு விசாரிங்களேன்."